காந்தக்காவும் ஒட்டக் கூடாத கம்பியும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கட்டிய புருஷனே சற்று யோசித்தால்தான் அது நினைவுக்கு வரும். தெருவுக்கும் பட்டறைக்கும் அவள் காந்தக்கா. ஓட்டை ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தெடுத்த வளையக் காந்தம் ஒன்று அவள் இடுப்புச் சாவிக்கொத்தோடு சேர்ந்து தொங்கும். கரண்டி வாங்கினாலும் அதை வைத்துப் பார்ப்பாள், கதவுக் கீல் வாங்கினாலும் வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர். அவளுக்கு இதுதான் வேதவாக்கு.

மற்றவர்கள் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்றால், காந்தக்கா கையைப் பார்த்துத்தான் பேசுவாள். பால் ஊற்றினால் விரலை விட்டுப் பார்ப்பாள். துணி தைக்கக் கொடுத்தால் வெட்டிய துண்டு துணுக்கையெல்லாம் திரும்ப வாங்கித் தரையில் பரப்பிச் சேர்த்துப் பார்ப்பாள். டாக்டர் ஊசி போட்டால் காலிக் குப்பியைக் காட்டச் சொல்வாள். பெண் கேட்டு வந்தவரின் கைக்கடிகாரச் சங்கிலியில் காந்தத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றாள். "வாட்ச் அன்னைக்கே பாஸாயிடுச்சு, நான்தான் இன்னும் பரிட்சை எழுதிட்டிருக்கேன்" என்று அவர் இன்றும் சொல்வார்.

கேடு என்னவென்றால், அவள் சந்தேகம் பாதி நேரம் சரியாகவே இருந்து தொலைத்தது. எப்போதும் பொய்த்துப் போகிற சந்தேகத்தை மனிதர்கள் என்றாவது ஒரு நாள் கைவிடுவார்கள். பாதிக்குப் பாதி பலிக்கிற சந்தேகத்தை மட்டும் விடவே மாட்டார்கள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. சின்ன வயதில் அவள் ஒரு பாத்திரக் கடையில் துடைத்து அடுக்கும் வேலை பார்த்தாள். அந்தக் கடையிலேயே, தன் முதல் சம்பளத்தில், அம்மாவுக்கு ஒரு குடம் வாங்கிப் போனாள். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த எவர்சில்வர் குடம். மழைக்காலம் முடிவதற்குள் அடி வளையத்தைச் சுற்றித் துரு பூத்துவிட்டது. இரும்பின் மேல் மெலிதாகப் பூச்சு போட்டு விற்றிருக்கிறார் முதலாளி, தன் கடையில் வேலை செய்கிற பெண்ணுக்கே. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துரு தெரியாதபடி குடத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்து, சாகும் வரை அதில்தான் தண்ணீர் பிடித்தாள். அப்படித் திருப்பி வைத்ததைத்தான் காந்தக்காவால் பொறுக்க முடியவில்லை. அம்மா திட்டியிருந்தால் அவளுக்குக் காந்தம் தேவைப்பட்டிருக்காது.

அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடப் பையன். அவனை வளர்த்தது அக்காதான். படிப்பு ஏறவில்லை, ஆனால் கை சுத்தமான வேலைக்காரனாக வளர்ந்தான். கம்பி இழுக்கும் மில் ஒன்றில் முதல் வேலை கிடைத்ததும் அவனுக்குச் சாப்பாட்டு டப்பா வாங்கக் கடைக்குப் போனாள். அலமாரியில் இருந்த டப்பாக்கள் அத்தனையையும் கவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொன்றின் அடியிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சதுரமாக ஒரு டப்பாவை எடுத்து, "இது சுத்தம்" என்று தம்பி கையில் கொடுத்தாள். உலகத்தில் அவள் காந்தம் வைத்துப் பார்க்காத ஆள் ஒருவன் உண்டென்றால் அது அந்தத் தம்பிதான்.

புருஷனும் அவளுமாக நடத்தியது சின்ன ஸ்பிரிங் பட்டறை. இரும்புக் கம்பியை வாங்கி, மிஷினில் சுற்றி, ஓவனில் மிதமாகச் சூடு காட்டி எடுத்தால் ஸ்பிரிங். மிஷினில் சுற்றுவது மிஷின்காரம்மா, ஓவன் புருஷன் பொறுப்பு, மற்றவர்களைக் கண்காணிப்பது காந்தக்காவின் பொறுப்பு. பிறகு பெரிய வேலை ஒன்று வந்தது. மருத்துவமனைக் கட்டிலின் பக்கவாட்டில், நோயாளி உருண்டு விழாமல் இருக்க ஒரு தடுப்புக் கம்பி இருக்குமே, அதைத் தாங்கிப் பிடிக்கும் தாழ்ப்பாளுக்கு ஸ்பிரிங். மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவி இரும்பு ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிகிறது, எவர்சில்வரில்தான் வேண்டும் என்றார்கள்.

எவர்சில்வர் கம்பியை இழுத்துத் தர, தம்பி மில் வேலையை விட்டுவிட்டு அக்காவிடம் வந்தான். பட்டறையின் பின்னறையில் கம்பி இழுக்கும் பெஞ்சைப் போட்டான். கெட்டியான உலோக வில்லை ஒன்றின் நடுவில் சிறு துளை இருக்கும், அதற்கு டை என்று பெயர். தடித்த கம்பியின் நுனியைச் சீவி அதில் நுழைத்து, சோப்புத்தூள் தடவி இழுத்தால், கம்பி மெலிந்து மறுபக்கம் வரும். அதைவிடச் சின்ன துளையில் மறுபடியும் இழுப்பான். தீ எதுவும் இல்லை, பச்சையாகவே இழுப்பதுதான். கடையிலிருந்து தொய்ந்த கயிறு மாதிரி வந்த கம்பி, அவன் கையிலிருந்து வெளியே போகும்போது விறைத்துக்கொண்டு துள்ளும்.

மாதக்கணக்கில் வேலை நன்றாகத்தான் ஓடியது. தம்பி இழுத்த கம்பி என்பதால் அவள் காந்தம் வைத்துப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் காலை, பெட்டியில் போட வைத்திருந்த ஸ்பிரிங் குவியலின் மேல் குனிந்தபோது காந்தக்காவின் சாவிக்கொத்து தாழ்ந்து தொட்டது. நிமிர்ந்தாள். இடுப்போடு சேர்ந்து ஒரு கொத்து ஸ்பிரிங்கும் எழுந்து வந்தது.

நேராக முன்னறைக்குப் போய், அன்று வந்து இறங்கிய கம்பிச் சுருளில் காந்தத்தை வைத்தாள். ஒட்டவில்லை. கம்பிக் கடைக்காரர் அனுப்பியது நல்ல சரக்குதான். திரும்பி வந்து ஸ்பிரிங்கில் வைத்தாள். ஒட்டியது. முன்னறைக்கும் மிஷினுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு அறை. அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு ஆள். வேலியே பயிரை மேய்கிறது என்று அவள் மனசு சொன்னது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நேற்றுவரை கண்ணில் படாததெல்லாம் அன்று முதல் பட்டது. பின்னறைக் கதவை அவன் ஏன் எப்போதும் சாத்தியே வைக்கிறான்? மண் பறந்து டையில் விழுந்தால் கம்பியில் கீறல் விழும் என்று சொல்லியிருந்தான், அப்போது அது காரணமாகத்தான் பட்டது. துண்டுக் கம்பியை ஏன் யாரையும் தொடவிடாமல் தானே கூட்டிப் பெருக்குகிறான்? செல்போன் அடித்தால் ஏன் வாசலைத் தாண்டிப் போய்ப் பேசுகிறான்? பேசிவிட்டு வரும்போது ஏன் அக்காவின் கண்ணைப் பார்ப்பதில்லை? நல்ல கம்பியை எங்கோ தள்ளிவிட்டு, மட்டமான கம்பியை இழுத்து வைக்கிறான். அந்த ஸ்பிரிங் ஒடிந்தால் எந்த மருத்துவமனையில் எந்தக் கிழவர் கட்டிலிலிருந்து விழுவாரோ. அம்மாவின் துருப்பிடித்த குடம் வேறு கண்முன் வந்து நின்றது.

காந்தம் ஒட்டியதைச் சொல்லாமல், தம்பி கம்பியை மாற்றுகிறான் என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். அவர் ஓவன் கதவைத் திறந்து, வைக்கோல் நிறத்தில் வெந்திருந்த ஸ்பிரிங்குகளைத் தட்டில் சரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளயா? போடி. அவனுக்குப் பொய் சொல்லவே வராது. சொன்னா காது செவந்துடும்."

"காது செவக்குதான்னு நான் பாத்துட்டே இருக்க முடியுமா?"

"அவன்கிட்டயே கேட்டுடேன். வாய் இருக்குல்ல."

"கேட்டா உஷாராயிடுவான்."

"அப்ப உன் காந்தத்துகிட்டயே கேளு" என்று அவர் அடுத்த தட்டை உள்ளே தள்ளினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பிரிங்கை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினாள். பூச்சு போட்ட இரும்பாக இருந்தால் பூச்சு கருகி உள்ளே இருப்பது தெரியட்டும் என்பது அவள் கணக்கு. ஸ்பிரிங் சிவந்து, ஆரஞ்சாகத் தகதகத்தது. ஆறவைத்து, கரியைத் துடைத்துக் காந்தத்தை வைத்தாள். ஒட்டவில்லை. மறுபடி வைத்தாள். தொட்டுவிட்டு விழுந்தது. பட்டறையில் கொத்தாக ஒட்டிய அதே சரக்கு. இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். ஸ்பிரிங் பிசைந்த மாவு மாதிரி நீண்டது, விட்டால் திரும்பவில்லை. நீண்டபடியே கிடந்தது.

புத்தி நேராக இருப்பவர்கள் இந்த இடத்தில், இதில் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். காந்தக்கா பிடித்த முயலுக்கு மூன்றே கால். இதுவும் ஏதோ தில்லுமுல்லு, தீயில் காட்டினால் வேஷம் மாறுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். ஸ்பிரிங்கைப் புருஷன் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவரிடம் காட்டியிருந்தால் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

மறுநாள் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது வாசலில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தாள். இனிமேல் யார் போனாலும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், பொதுவான சட்டம் என்றாள். மிஷின்காரம்மா பையைத் திறப்பதற்குள், "நீ போ" என்று தலையாட்டினாள். பிறகு தம்பி வந்தான்.

"தொறடா."

அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான் பாவம். பையிலிருந்து துண்டு வந்தது, சீப்பு வந்தது, சதுர டப்பா வந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தாள். கழுவி வைத்த காலி டப்பா. மூடும்போது கையிலிருந்த காந்தம் டப்பாவின் மூலையில் பட்டது. டக்கென்று பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுத்து அடுத்த மூலையில் வைத்தாள். அங்கேயும் பிடித்தது.

"இது நான் வாங்கிக் குடுத்த டப்பா இல்ல" என்றாள்.

"என்னக்கா சொல்ற?"

"நான் வாங்கினது ஒட்டாது. பாத்துப் பாத்து வாங்கினேன். அதையும் மாத்திட்ட. கம்பியை மாத்தின கைக்கு டப்பா பெருசா?"

மிஷின்காரம்மா வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டாள். ஓவனை அணைத்துவிட்டு வந்த புருஷன், "ஏய், என்ன பேசுற" என்று பாதியில் நிறுத்தினார். தம்பியின் காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்தது. துண்டையும் சீப்பையும் பைக்குள் திரும்பப் போட்டான். டப்பாவை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டு, "சரிக்கா" என்று சொல்லிப் போனான்.

வரமாட்டான், ஓடிவிடுவான், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் நினைத்தாள். காலையில் எல்லோருக்கும் முன்பாக அவன்தான் வந்திருந்தான். பின்னறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. பெஞ்சுக்கு எதிரே ஒரு ஸ்டூல்.

"உக்காரு. காந்தத்தைக் கையில வெச்சுக்கோ" என்றான்.

கடையிலிருந்து வந்த சுருளை அவள் எதிரிலேயே அவிழ்த்தான். "வெச்சுப் பாரு." ஒட்டவில்லை. நுனியைச் சீவி டையில் கோர்த்து இழுத்தான். மறுபக்கம் வந்த கம்பியை நீட்டினான். காந்தம் லேசாக மோந்து பார்ப்பது போல நகர்ந்தது, நிற்கவில்லை. அடுத்த டை. இப்போது தயங்கித் தயங்கிப் பிடித்தது. அடுத்தது. அவள் சுருளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அவன் கையை விட்டும் எடுக்கவில்லை. இடையில் மாற்ற எதுவும் இல்லை, மாற்ற ஆளும் இல்லை. கடைசி டையைத் தாண்டி வந்த கம்பியில் காந்தத்தை வைத்தபோது அது டக்கென்று உட்கார்ந்துகொண்டது. நேற்று டப்பாவில் கேட்ட அதே சத்தம்.

"இழுக்க இழுக்க உள்ள நெருங்கி விறைக்குதுக்கா. அந்த விறைப்புதான் ஸ்பிரிங்குக்குப் பலம். விறைச்ச எடத்துல காந்தம் ஒட்டும். இந்தச் சரக்கோட குணமே அப்படித்தான். மாமா ஓவன்ல காட்டுற சூடு சின்ன சூடு, அது பலத்தைக் கெட்டிப்படுத்தும். செவக்க விட்டா எல்லாம் போயிடும். காந்தமும் ஒட்டாது, ஸ்பிரிங்கும் நிக்காது."

முந்தானை முடிச்சில் நீண்டு கிடந்த ஸ்பிரிங் அவள் இடுப்பைக் குத்தியது.

"டப்பாவும் அதேதான்" என்றான். "தட்டையான தகட்டை அழுத்தி மூலை மடிக்கிறாங்கல்ல, அந்த மூலையில மட்டும் ஒட்டும். நீ கடையில அடியில வெச்சுப் பாத்த. எனக்கு ஞாபகம் இருக்கு."

காந்தக்காவுக்கும் ஞாபகம் இருந்தது. கவிழ்த்து வைத்த டப்பாக்கள், தலையில் கைவைத்த கடைக்காரர், பக்கத்தில் புதுச் சட்டையில் தம்பி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருவரை ஒரு வார்த்தை கேட்பதும் விசாரிப்பதில் சேர்த்தி என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"தப்பு என்னுதுதான்டா" என்றாள்.

"தெரியும்க்கா."

"அந்த போன்?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். குணம் அப்படி.

அவன் சோப்புத்தூள் ஒட்டிய கையைத் துண்டில் துடைத்தான். "பழைய மில்லுக்காரங்க. இழுக்குற டிப்பார்ட்மென்ட் முழுசும் பாத்துக்க வாங்கன்னு கூப்டுட்டே இருந்தாங்க. உன் காதுல விழுந்தா கஷ்டப்படுவன்னு வெளிய போய்ப் பேசினேன். ஒவ்வொரு தடவையும் வரலன்னுதான் சொன்னேன்." துண்டை மடித்தான். "நேத்து சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டேன்."

அவள் தடுக்கவில்லை. தடுக்க எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் போன பிறகு பெஞ்சை இயக்க ஆள் இல்லை. இழுத்து முடித்த கம்பியையே அந்த மில்லிலிருந்து வாங்க ஆரம்பித்தார்கள். வண்டி வரும், சுருள் இறங்கும், தம்பி வரமாட்டான். மாமாவோடு போனில் பேசுவான், அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்வான், அவ்வளவுதான். காந்தக்கா காந்தத்தைத் தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. ஒவ்வொரு சுருளிலும் வைத்துப் பார்த்தாள். வேதவாக்கு மட்டும் தலைகீழாகியிருந்தது. இப்போது ஒட்டினால்தான் அவளுக்கு நிம்மதி. டக்கென்று உட்காரும் சத்தம் கேட்டதும், அவன் இழுத்ததுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சற்று நேரம் கையை எடுக்காமல் நிற்பாள். பார்த்த மிஷின்காரம்மா பார்க்காதது போலப் போய்விடுவாள்.

ஒரு முறை வந்த சுருளில் காந்தம் நிற்கவில்லை. வழுக்கி விழுந்தது. காந்தக்காவுக்கு மூக்கில் வேர்த்தது. மில் சீட்டில் எல்லாம் சரியாகத்தான் அச்சடித்திருந்தது, கம்பியின் தடிமனும் சரியாகத்தான் இருந்தது. பழைய காந்தக்காவாக இருந்தால் நேராக மில் வாசலில் போய் நின்று ஏழு தெருவுக்குக் கேட்கும்படி பேசியிருப்பாள். புருஷனின் போனை எடுத்தாள். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு தம்பியின் நம்பரை அழுத்தினாள்.

"நான்தான்டா. ஒண்ணு கேக்கணும்."

மறுமுனையில் மிஷின் சத்தம். அதற்கு நடுவே, "கேளுக்கா" என்றான்.

"இப்ப வந்த கம்பி ஒட்ட மாட்டேங்குது. நீ இழுத்ததா இது?"

"ஒட்டலயா? நல்லாப் பாத்தியா?"

"என்னையே கேக்குறியா?"

அவன் சிரித்தானோ என்னவோ, சத்தத்தில் தெரியவில்லை. இரு, பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். அதே தடிமனில், கட்டுக்கம்பிக்காகச் சிவக்கக் காய்ச்சி மெத்தென்று ஆக்கிய வேறு யாருடைய சுருளோ சீட்டு மாறி வந்துவிட்டது. அதில் சுற்றியிருந்தால் பார்வைக்கு ஸ்பிரிங் மாதிரிதான் இருக்கும், கட்டில் தடுப்பு முதல் நாளே கீழே விழுந்திருக்கும்.

மாற்றுச் சுருள் வந்த வண்டியிலிருந்து தம்பி இறங்கினான். கொஞ்சம் இளைத்திருந்தான், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. சுருளைத் தோளில் தூக்கிவந்து முன்னறையில் வைத்தான். மாமா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஓவனில் ஏதோ அவசர வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டார்.

"பாத்துக்கோ" என்றான் தம்பி.

"வேணாம்டா. நீ கொண்டுவந்தது."

"பாருக்கா. பாக்காம வாங்காத. அன்னைக்கும் நீ பாத்தது தப்பில்ல. என்னைக் கேக்காததுதான்."

அவள் காந்தத்தை வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை, கண் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவும் இல்லை. வண்டிக்காரர் வெளியே ஹார்ன் அடித்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் வருவானோ மாட்டானோ என்ற பயத்தில் அதைக் கேட்காமலே அலமாரிக்குப் போனாள். அவன் விட்டுப்போன சதுர டப்பாவை எடுத்து வந்தாள். வண்டியில் அவனும் வருகிறான் என்று காலையில் புருஷன் சொன்னதிலிருந்து அது நிரம்பித் தயாராக இருந்தது, இன்னும் சூடாகவும் இருந்தது.

அவனிடம் நீட்டினாள். அவன் டப்பாவைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை.